மூன்று பவுண்டு வாக்கு

2015 மே மாதம் பிரிட்டனில் தொழிற்கட்சி தோற்று எட் மிலிபாண்ட் பதவி விலகியபோது, அடுத்த தலைவர் யார் என்பதில் எனக்குத் துளி அக்கறை இருக்கவில்லை. ஈராக் போரோடு கட்சியை விட்டவன் நான். என்னைப் போலப் பலர். தலைமைக்கு நின்ற மூன்று பேரின் பேச்சும் ஒரே தையல்காரர் தைத்த சட்டைகளாக இருந்தது. நாலாவதாக வந்த பெயர்தான் நிமிர வைத்தது: ஜெரமி கோர்பின். 1983 முதல் இஸ்லிங்டன் வடக்கின் எம்.பி.; ஈழத்தமிழர் கூட்டங்களில் எங்களுக்குப் பழகிய முகம்.

அவருக்கு 35 எம்.பி.க்களின் கையெழுத்து வேண்டும். ஜூன் 15 நண்பகலோடு கெடு. கடைசி நிமிடங்களில் 36 சேர்ந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்கு அவரைத் தலைவராக்கும் எண்ணமே கிடையாது. விவாதத்தில் ஓர் இடதுசாரிக் குரலும் கேட்கட்டுமே என்ற தாராள மனசு, அவ்வளவுதான்.

தொழிற்சங்கங்களின் பிடியைத் தளர்த்துவதற்கென்று 2014இல் கட்சி விதியை மாற்றியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு. உறுப்பினர் அல்லாதவரும் 3 பவுண்டு கட்டிப் பதிந்தால் தலைவரைத் தெரிவு செய்யலாம். பொதுசனம் உள்ளே வந்தால் கட்சி நடுப்பக்கம் சாயும் என்று அந்த விதியைக் கொண்டாடியவர்கள் நம்பினார்கள். வந்தது நாங்கள்.

ஜூலை 20, நலக்கொடுப்பனவுகளை வெட்டும் மசோதா. வாக்களிக்காமல் இருங்கள் என்றது கட்சியின் தற்காலிகத் தலைமை. 48 எம்.பி.க்கள் மீறி எதிர்த்து வாக்களித்தார்கள். தலைமைக்குப் போட்டியிட்ட நால்வரில் அப்படிச் செய்தவர் கோர்பின் மட்டுமே. அன்றிரவே 3 பவுண்டைக் கட்டினேன்.

ஓகஸ்ட்டில் கேம்டன் நகர மண்டபத்துக்குப் போனால் உள்ளே கால் வைக்க இடமில்லை. சனம் தெருவைச் சுற்றி வளைத்து நின்றது. வெளியே நின்றவர்களுக்காகக் கோர்பின் தீயணைப்புத் தொழிலாளர் சங்க வண்டியின் மேலே ஏறிப் பேசினார். அவர் பெரிய பேச்சாளர் இல்லை. வசனங்கள் பாதியில் திசை மாறும். எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான வெள்ளைக்கார அம்மா, 1981இல் இடதுசாரி டோனி பென் கட்சியின் துணைத் தலைவர் போட்டியில் ஒரு வீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றதை ஆத்திரம் ஆறாமல் சொன்னார். இயக்கம் புதிது என்று பத்திரிகைகள் எழுதின. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தவர்கள்.

செப்டம்பர் 12இல் 59.5 வீத வாக்கோடு, முதல் சுற்றிலேயே வென்றார்.

சண்டை அதற்குப் பிறகுதான். 2016 ஜூனில் பிரெக்சிற் வாக்கெடுப்பு முடிந்த கையோடு நிழல் அமைச்சரவை ஒவ்வொருவராக விலகியது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அவருக்கு எதிராக 172 எம்.பி.க்கள், ஆதரவாக 40. எங்கள் கிளையில் இருபது வருசம் கதவு தட்டிய தமிழர் ஒருவர் இருந்தார். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஊர்வலம் போறது வேறை, தேர்தல் வெல்லுறது வேறை.”

“அண்ணை, போன ரெண்டு தேர்தலையும் ஆர் தோத்தது?”

பதில் சொல்லாமல் இன்னும் இரண்டு கதிரையைத் தூக்கினார். நல்ல மனிதர். அடுத்த ஞாயிறும் துண்டுப்பிரசுரத்தோடு அவர்தான் முதலில் வந்து நின்றார்.

அந்த வருசமே வந்த இரண்டாவது தலைமைப் போட்டியில் விதிப்புத்தகமே ஆயுதமானது. ஜனவரி 12க்குப் பின் சேர்ந்த உறுப்பினர்களுக்கு வாக்கில்லை. அவர்கள் நீதிமன்றம் போய் வென்றார்கள், மேன்முறையீட்டில் தோற்றார்கள். 3 பவுண்டு 25 ஆனது, பதிய இரண்டே நாள். அப்படியும் 1,83,000க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கோர்பினுக்கு 61.8 வீதம்.

2017 ஜூன் 8, பொதுத்தேர்தல் இரவு, பத்து மணிக் கணிப்பு எங்களைக் கதிரையிலிருந்து எழுப்பியது. முடிவில் 40 வீத வாக்கு, 262 ஆசனம், பிரதமர் தெரேசா மேயின் பெரும்பான்மை போய்விட்டது. ரயிலையும் தண்ணீரையும் தபாலையும் பொதுவுடைமையாக்குவோம் என்ற அறிக்கைக்கு அத்தனை வாக்கு! தோற்ற தேர்தல்தான். நாங்கள் வென்றவர்களைப் போல ஆடினோம். அந்த ஆட்டம் கண்ணை மறைத்தது என்றே நினைக்கிறேன். பிரெக்சிற்றில் இரண்டு தோணியில் கால் வைத்தோம். கட்சிக்குள் யூத வெறுப்பு பற்றிய யூத உறுப்பினர்களின் முறைப்பாடுகளைச் சூழ்ச்சி என்று தட்டிக் கழித்தவர்களோடு எனக்கு அன்றும் உடன்பாடில்லை. 2020இல் சமத்துவ ஆணைக்குழு கட்சி சட்டத்தை மீறியது என்றே அறிக்கையிட்டது. அதற்கு முன்பே, 2019 டிசம்பரில், 202 ஆசனங்களோடு எல்லாம் சரிந்திருந்தது.

மண்டபங்களை நிரப்ப எங்களுக்குத் தெரிந்திருந்தது. விதிப்புத்தகத்தைக் கட்சிக்குள் இருந்த எதிர்த்தரப்பு வரி வரியாகப் படித்திருந்தது. 2021 செப்டம்பரில் பிரைட்டன் மாநாட்டில், தலைமைக்கு நிற்க எம்.பி.க்களில் 20 வீதத்தினரின் ஆதரவு வேண்டும் என்று மாற்றினார்கள். பணம் கட்டிப் பதியும் ஆதரவாளர் என்ற பிரிவையும் எடுத்துவிட்டார்கள். 2015இல் கட்சிக்கு இருந்த 232 எம்.பி.க்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 47 கையெழுத்து வேண்டும். கோர்பினிடம் இருந்தது 36.