சிவப்பு அட்டை உயர்ந்தபோது



நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் வியாழன் இரவுதோறும் மாணவர் மன்றம் நடைபெறும். ஒருவர் பேச, உஸ்தாத் மூலையில் அமர்ந்து குறைகளைக் குறித்துக்கொள்வார். ஓதி முடித்து வெளியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அன்றாடம் பாடம் நடத்துகிறோம். மாதம் இருமுறை ஜும்ஆ பயானும் செய்கிறோம். ஆனால், நம் பேச்சைக் குறித்துக்கொள்ள மூலையில் எவரும் இல்லை. இதைச் சென்ற மாதம் தட்டாஞ்சாவடியில் கழிந்த ஒரு மாலைப்பொழுது நமக்கு உணர்த்தியது.

தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், எங்கள் பேச்சுக் கழகத்திற்கு ஒருநாள் வாருங்கள்" என்று பலமுறை அழைத்திருந்தார். மஃரிப் தொழுதுவிட்டுச் சென்றோம். மாடியில் ஒரு சிறிய அறை. இருபது பேர் இருப்பர். டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையில் நடக்கும் கழகம் அது. 1924-இல் அமெரிக்காவின் சாண்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய முறை, இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அங்கே ஆசிரியர் என்று தனியாக எவரும் இல்லை. உறுப்பினர்களே பேசுகின்றனர், உறுப்பினர்களே மதிப்பிடுகின்றனர். ஒருவர் நேரத்தைக் கணக்கிட, இன்னொருவர் "ம்", "வந்து" போன்ற வெற்று ஒலிகளை எண்ணுகிறார்.

தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், அளவு தவறித் தைத்த மணமகன் சட்டையைப் பற்றிப் பேசி அறையையே சிரிக்க வைத்தார். அடுத்து, முன்னறிவிப்பின்றித் தலைப்புத் தரும் சுற்று. விருந்தினர் என்பதால் நம்மையும் அழைத்தனர். தலைப்பு: "என் முதல் மிதிவண்டி". இரண்டு நிமிடம்.

இருபது ஆண்டுகள் பேசியவருக்கு இது எம்மாத்திரம் என்ற எண்ணம் உள்ளே எழுந்ததை மறைக்க மாட்டோம். பயணத்தின் சிறப்பு, வாகனம் என்னும் அருட்கொடை, அதற்கு நன்றி செலுத்தும் கடமை என்று விரிவாக முன்னுரை அமைத்தோம். பச்சை அட்டை உயர்ந்தது, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. நம் மிதிவண்டியோ இன்னும் கடையைவிட்டே வெளியே வரவில்லை! கைதட்டி அமர வைத்தார்கள்.

ஒலிகளை எண்ணிய கல்லூரி மாணவி பணிவோடு எழுந்து, "ஐயா, 'அதாவது' என்னும் சொல் ஒன்பது முறை வந்தது" என்றார். அறை சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆனால் நெஞ்சில் வேறொரு நினைவு தைத்தது. நபி (ஸல்) அவர்களின் பேச்சை எண்ண விரும்புபவர் எண்ணிவிடலாம், அவ்வளவு நிதானமாகப் பேசுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. அதை மாணவர்களுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். நம் சொற்களை யாரேனும் எண்ணக்கூடும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

திரும்பும் வழியில் மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஹஜ்ரத், ஒன்று சொல்லலாமா? தொழிற்பேட்டையிலிருந்து ஜும்ஆவுக்கு வருபவர்களுக்கு உணவு இடைவேளை மட்டுமே அனுமதி. பயான் நீண்டுவிட்டால் சாப்பிடாமலே வேலைக்கு ஓடுகிறோம்."

"இதை ஏனப்பா இத்தனை நாள் சொல்லவில்லை?"

"உங்களிடம் எப்படிச் சொல்வது, ஹஜ்ரத்?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. தொழுகையை நீட்டுவதும் குத்பாவைச் சுருக்குவதும் ஒருவரின் மார்க்க விளக்கத்திற்கு அடையாளம் என்னும் ஹதீஸ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. குத்பாவைச் சுருக்கிவிட்டு, அதற்கு முந்தைய தமிழ்ப் பயானில் அந்த நேரத்தையெல்லாம் நாம் செலவழித்துக்கொண்டிருந்தோம். எதிரே அமர்ந்தவர்கள் பசியோடு இருந்தார்கள்; நம்மீது கொண்ட மரியாதை அவர்கள் வாயைக் கட்டியிருந்தது.

அடுத்த வெள்ளி, அந்த மாணவரை இரண்டாம் வரிசையில் அமரச் சொன்னோம். அட்டை எதுவும் இல்லை. பதினைந்து நிமிடம் ஆனதும் அவர் தொப்பியைச் சரிசெய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டோம். தொப்பியில் கை வைத்தார், முடித்துக்கொண்டோம். சொல்ல நினைத்தவற்றில் இரண்டு செய்திகள் மிஞ்சிவிட்டன. அவை அடுத்த முறைக்கு உதவும்.

ஆலிம்களே, ஆசிரியர்களே, வீட்டில் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறும் பெற்றோரே! நம்மிடம் "போதும்" என்று சொல்லத் துணியும் ஒருவரையேனும் நாமே தேடி வைத்துக்கொள்வோம். தன் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு நபி மூஸா (அலை) அவர்கள் இறைவனிடம் வேண்டியது, தம் சொல்லை மக்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே.

அல்லாஹ் நம் சொற்களைச் சுருக்கமாகவும் பயனுள்ளவையாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.