பாட்டிலின் அடியில் ஒரு பெயர்

தாராபுரத்தின் பழைய இரும்புக் கடைகளுக்கு வரும் கண்ணாடி பெரும்பாலும் எடைக்குத்தான் போகிறது. வெள்ளை, பச்சை, காப்பி நிறம் என்று மூன்று குவியல். நான் பார்க்கப் போன கடையில் ரகம் பிரிக்கும் அம்மா, சாக்கிலிருந்து பாட்டிலை எடுத்ததும் தலைகீழாகத் திருப்புகிறார். கட்டைவிரல் அடிப்பாகத்தைத் தடவுகிறது.

“பேரு அங்கதானுங்க இருக்கும். கண்ணுக்குத் தெரியாட்டியும் வெரலுக்குத் தெரிஞ்சிருமுங்க.”

எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, மேலாக ஒரு துணியால் துடைக்கிறார். பள்ளத்தில் வெள்ளை தங்கிவிட, புடைத்த எழுத்துகள் தெளிகின்றன.

அன்று அவர் உடைக்காமல் ஒதுக்கியவற்றில் ஒரு கோலி சோடா பாட்டிலும் இருந்தது. இந்த வடிவத்துக்கு 1872இல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஹைரம் காட். உள்ளே அடைபட்ட வாயு கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடுகிறது. பழைய ஆங்கிலேய பாட்டில்களில் இரண்டு பெயர்கள் இருக்கும். உடம்பில் பெரிதாக இருப்பது சோடா கம்பெனியின் பெயர். அடியோரமாகவோ பின்பக்கமோ சிறிதாக இருப்பதுதான் பாட்டிலை வார்த்த ஆலையின் பெயர்: பார்ன்ஸ்லியின் ரைலண்ட்ஸ், செயின்ட் ஹெலன்ஸின் கேனிங்டன் ஷா என்று. முதல் பெயரையே தயாரிப்பாளர் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் பலர். இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் சாஸ்னியிலும் கோலி சோடா பாட்டில்கள் வார்க்கப்பட்டன.

அரிக்கேன் விளக்குக் கண்ணாடிகளிலும் முத்திரை உண்டு. ‘பிரபாகர்’ என்ற பெயர் கண்ணில் பட்டால் அது மகாராஷ்டிரத்தின் கராடு அருகே 1916இல் ஓகலே சகோதரர்கள் தொடங்கிய ஆலையின் வணிகப் பெயர். சுதேசி உணர்வில் பிறந்த தொழில் அது.

பெயரே இல்லாத பாட்டிலுக்கும் வயது சொல்ல வழி இருக்கிறது. அளவு அவுன்சில் இருந்தால் பெரும்பாலும் பழையது. இந்தியாவில் மெட்ரிக் அளவு 1958இல்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. லேபிளில் ஊர் முகவரி மிஞ்சியிருந்தால் இன்னும் நல்லது. தாராபுரம் 1979 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு புதிதாகப் பிறந்த பெரியார் மாவட்டத்துக்குப் போனது. 2009 முதல் திருப்பூர் மாவட்டம். அந்த ஒரு வரியே காலத்தைக் குறுக்கிவிடும்.

வெளிநாட்டுச் சாமான்களுக்கும் இப்படித் தடயங்கள் உண்டு. பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களுக்கு வைர வடிவ முத்திரை. அதன் உச்சியில் ரோமன் எண் மூன்று இருந்தால் கண்ணாடி வகை. 1884 முதல் வெறும் பதிவு எண். ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று பொறித்த கிண்ணம் 1918க்கு முந்தையதாக இருக்க முடியாது, அந்த நாடே அந்த ஆண்டில்தான் உருவானது.

எண்ணைப் பார்த்ததும் ஆண்டு என்று நம்பக் கூடாது. அடியில் தனித்து நிற்கும் எண் பெரும்பாலும் அச்சின் எண். போலி முத்திரையும் உண்டு. பல வருடம் மேசையில் உரசிய அடிப்பாகத்தில் கீறல்கள் தாறுமாறாக ஓடும். பொறித்த கையெழுத்து அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு மேலே கிடந்தால் அது பின்னால் போட்டது.

உடைந்த கண்ணாடி வீணல்ல. கண்ணாடி உலையில் அதைச் சேர்த்தால் மூலப்பொருளும் எரிபொருளும் மிச்சமாகின்றன. ஆனால் ஒருமுறை உருகினால் அதன் மேலிருந்த பெயர் திரும்ப வராது. எந்தப் பாட்டில் உலைக்கு, எது அலமாரிக்கு என்று முதலில் முடிவு செய்வது இந்தக் கடைகளில் ரகம் பிரிப்பவர்களின் விரல்கள்தான். அந்த அறிவுக்குத் தனிக் கூலி கிடையாது; கிலோவுக்குத்தான் கணக்கு.

வீட்டைக் காலி செய்யும்போது பரணில் இருக்கும் கண்ணாடிச் சாமானைச் சாக்கில் போடும் முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எழுத்திருந்தால் கடைக்காரரிடம் காட்டி, ரகம் பிரிப்பவரையும் கேளுங்கள். அவர் அடையாளம் சொல்லி நல்ல விலை கிடைத்தால், அதில் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.