கண்ணுக்குள் ஒரு குமிழி

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். கல்லை மிதித்துக்கொண்டு எட்டுப் பத்துப் பாக ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்கிய அந்தப் பரதவர்கள், பாயில் என்னும் விஞ்ஞானி 1662-இல் வகுத்துரைத்த வாயு விதியை ஏட்டில் கற்றவர்களல்லர். ஆயினும், பத்து மீட்டர் இறங்கியதும் நெஞ்சிலுள்ள காற்று பாதியாய் ஒடுங்கிவிடும் என்பதை அவர்களுடைய விலாவும் செவியும் நன்றாக அறிந்திருந்தன. இறங்குகிறவனுக்குச் சுருங்குகிற காற்று ஏறுகிறவனுக்கு விரியும் என்ற மறுபாதியை, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அத்தான் மூலமாகத்தான் எங்கள் குடும்பம் தெரிந்துகொண்டது.

அவருக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை வியாதி. அது விழித்திரையின் நுண்ணிய நாளங்களைப் பழுதாக்கி, அவற்றுக்குப் பதிலாக முளைத்த பலவீனமான புது நாளங்களிலிருந்து இரத்தத்தைக் கசியவைத்து, கடைசியில் வடுநார் இழுத்த இழுப்பில் திரையையே பெயர்த்துவிட்டது. மதுரையில் சஸ்திர சிகிச்சை செய்த வைத்தியர்கள், கண்ணின் உட்கூழை அகற்றி, திரை மீண்டும் ஒட்டிக்கொள்ளும்வரை அதை அழுத்திப் பிடித்திருப்பதற்காகப் பெர்ஃப்ளூரோபுரோப்பேன் என்ற வாயுவை உள்ளே நிரப்பி அனுப்பினார்கள். நாலு மில்லிலிட்டர் அளவே கொள்ளும் அந்தச் சிறு அறையில் இந்த வாயு ஆறு முதல் எட்டு வாரம்வரை தங்கிக் கரையுமாம். குமிழி கண்ணின் மேற்பாகத்தில் மிதந்தாலும், விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால், நோயாளிக்கு அது கீழே கிடப்பதாகவே தோன்றும். தச்சனுடைய ரசமட்டத்தைப்போல ஒரு கோடு தலையசைவுக்கெல்லாம் தளும்புகிறது என்றும், கோட்டுக்கு மேலே மட்டும் உலகம் தெளிகிறது என்றும் அத்தான் வியப்போடு சொல்லுவார்.

அறுவை முடிந்த மூன்றாம் வாரத்தில் சென்னையில் பேரனுக்குக் காதுகுத்து. வாகைக்குளத்திலிருந்து விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாமென்று மருமகன் டிக்கெட்டும் எடுத்துவிட்டான். "மாமா, இன்சுலினைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், சரக்கறையில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுவிடும்" என்று சொல்லுமளவுக்கு அவன் விவரம் தெரிந்தவன்தான். ஆனால் மாமாவின் மணிக்கட்டில் வாயு கரையும்வரை பறக்கலாகாதென்று எழுதி ஆஸ்பத்திரியார் கட்டிவிட்ட பட்டையை அவன் வாசிக்கவில்லை, அக்காள்தான் வாசித்தாள்.

விமானத்தின் உட்புறம் ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி உயர மலையின் காற்றழுத்தத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த உயரத்தில் வாயு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வரை பெருக முயல, விரிய இடமில்லாத கண்ணில் அழுத்தம் ஏறி, விழித்திரைக்குப் போகும் இரத்தமே நின்று பார்வை நிரந்தரமாய்ப் போய்விடக்கூடும். இந்த நிலையில் கொடைக்கானலுக்கு பஸ்ஸில் ஏறுவதும் அதே ஆபத்துதான். வாயுவுக்குப் பதிலாகச் சிலிக்கான் எண்ணெய் வைத்தவர்கள் பறக்கலாம், திரவம் அவ்வாறு விரியாது. ஆனால் அதைப் பின்னால் மற்றோர் அறுவையால் எடுக்கவேண்டியிருக்கும். விமான நிலையத்தில் கத்தரிக்கோலையும் பேட்டரியையும் தேடித் துருவுகிறவர்கள் கண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று கேட்பதில்லை, கேட்கவேண்டியதுமில்லை. வீடு திரும்பும் அவசரத்தில் மாத்திரைச் சீட்டை மட்டும் பத்திரப்படுத்துகிற உறவினர்களுக்கு இதை இரண்டு முறை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

ஆக, அத்தான் முத்துநகர் எக்ஸ்பிரஸில் பிரயாணமானார். மல்லாந்து படுக்கலாகாதென்ற விதிப்படி கீழ்ப் பெர்த்தில் கவிழ்ந்து கிடந்தவரை எதிர்ப் பெர்த்துக்காரர், "என்ன அண்ணாச்சி, வயிற்றுவலியா?" என்று பரிவோடு விசாரிக்க, அத்தானும் வாயு விதியிலிருந்து தொடங்கிக் குமிழிவரை சாங்கோபாங்கமாக விளக்கியிருக்கிறார். கேட்டவர் மனம் கரைந்து, கோவில்பட்டியில் இறங்கி, கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கிவந்து நீட்டினாராம். ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டதாக அத்தான் சொல்லுகிறார். அக்காள் அதை இன்றுவரை நம்பவில்லை.