ஊமத்தையின் பேத்தி

டியோட்ரோபியம் என்ற மருந்தை இழுக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எனக்கு வாய் காய்ந்துபோனது. நள்ளிரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நல்லவேளையாக டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்: "வாய் காயும்மா. பயந்துபோய் நிறுத்திடாதீங்க. ரொம்பத் தொந்தரவா இருந்தா வந்து சொல்லுங்க." அந்த வார்த்தைகள் கூட இருந்ததால்தான் மருந்து என்னிடம் நிலைத்தது.

நான் பீடி சிகரெட் தொட்டவள் இல்லை. சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய், என்று சீட்டில் எழுதப்பட்டதைப் பார்த்ததும், அது புகை பிடிப்பவர்களுக்கு வருவதாயிற்றே என்று கேட்டேன். "எத்தனை வருஷம் விறகடுப்பில சமைச்சீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் என் பிள்ளைப் பருவம் முழுக்கச் சவுக்கு விறகுதான். மழைக்காலத்தில் ஈர விறகு பற்றாது. ஊதுகுழலோடு அடுப்படியில் குந்தியிருக்கும் வேலை பெண்பிள்ளைகளுடையது. கல்யாணத்துக்குப் பிறகும் கேஸ் வரும்வரை அதே கதைதான். எங்கள் தெரு ஆண்களுக்குப் பஞ்சாலைத் தூசி. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிர்விட்டு, எட்டு மணி நேர வேலையை வாங்கித் தந்த ஊர் இது. வேலை நேரம் குறைந்தாலும் பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போவது நிற்கவில்லை. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுக்குகிறது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நூற்பாலைத் தொழிலாளிகளுக்கு வரும் நுரையீரல் நோயின் முதல் அடையாளமே அதுதான் என்று பிறகு படித்தேன்.

2021இல் மட்டும் உலகில் சுமார் 35 லட்சம் பேர் சிஓபிடியால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு பேரைக் கொல்லும் நோய்க்கு எங்கள் தெருவில் பெயரே கிடையாது. 'இளைப்பு', 'வயசாயிடுச்சு', 'மாடி ஏறினா அப்படித்தான்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. மூச்சை நிறைய இழுத்து ஒரே வீச்சில் வெளியே தள்ள வேண்டும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகும், மொத்தக் காற்றில் 70 சதவீதம்கூட முதல் நொடியில் வெளியே வரவில்லை என்றால் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன என்று அர்த்தம். வலி இல்லாத சோதனை. இளைக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

"இன்ஹேலரா? அது கடைசியில குடுக்கிறதாச்சே அண்ணி. ஒரு தடவ பழகிட்டா விடவே முடியாதாம்" என்றாள் என் நாத்தனார். எங்கள் ஊரில் இந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. மாத்திரையைவிட மிகச் சிறிய அளவு மருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது என்பதுதான் விஷயம். போதை எதுவும் இல்லை. தினமும் இழுப்பது, நோய் தினமும் இருப்பதால்தான். திடீரென்று மூச்சு முட்டினால் இழுக்கும் சால்பியூட்டமால் வேறு. மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் இழுக்க வேண்டிய டியோட்ரோபியம் வேறு. இந்த வேறுபாட்டை நாத்தனாருக்கு விளக்கியபோது, 'இது சீமை மருந்து, நம்ம உடம்புக்கு ஒத்துக்காது' என்று அடுத்த ஆட்சேபத்தை வைத்தாள். ஊமத்தையைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

காலி மனையெல்லாம் முளைத்துக் கிடக்கும் ஊமத்தை நமக்குச் சிவன் கோயில் பூ. அதன் புகையை இளைப்புக்கு இழுக்கும் வழக்கம் இந்தியாவில் நெடுநாளாக இருந்தது. சென்னையில் கும்பினியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதை அறிந்து பரிந்துரைத்தார். 1802இல் ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி அந்தச் சரக்கைச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவி, ஊமத்தை இனத்து இலைகளைச் சுருட்டிய 'ஆஸ்துமா சிகரெட்' பெட்டி பெட்டியாக விற்றது. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்த் மூச்சுத் திணறலுக்கு அதைப் பிடித்தவர். அந்தச் செடிகளில் இருப்பவை அட்ரோபினும் ஸ்கோபாலமினும். அந்த மூலக்கூறுகளின் வழியில் உருவாக்கப்பட்டு, மூளைக்கு எளிதில் ஏறாதபடி திருத்தப்பட்டவைதான் இப்ராட்ரோபியமும் அதற்குப் பின் வந்த டியோட்ரோபியமும். மூச்சுக்குழலை இறுக்கும் நரம்புச் செய்தியைத் தடுப்பது இவற்றின் வேலை. உமிழ்நீரைச் சுரக்கச் சொல்வதும் அதே வகைச் செய்தி என்பதால் வாய் காய்கிறது. ஊமத்தை தின்றவனுக்கு நாக்கு உலர்ந்து கண் பாவை விரியும் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தையைப் புகைக்க வேண்டாம். அது ஆளைக் கொல்லும் விஷம்.

அந்த உறவு தெரிந்த பிறகு வாய் காய்வது எனக்கு அச்சமாக இல்லை. அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சர்க்கரை இல்லாத மிட்டாய், காலை மாலை பல் துலக்கல். நாளாக ஆகக் குறைந்தும் போனது. ஆனால் எல்லாவற்றையும் இப்படிப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீர் இறங்கச் சிரமப்படும் பெரியவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் இந்த மருந்தைத் தொடங்கும்முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பொடி கண்ணில் படக் கூடாது. கண் வலித்துப் பார்வை மங்கினாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

மார்கழிப் பனியிலும் போகிப் புகையிலும் எனக்கு நோய் முற்றியபோது ஃபார்மோட்டராலும் ஸ்டீராய்டும் சேர்ந்த இன்னொரு இன்ஹேலர் வந்து சேர்ந்தது. ஃபார்மோட்டரால் கையை நடுங்கவைத்தது. கோல மாவு விரலிடுக்கில் நிற்கவில்லை, நெஞ்சு படபடத்தது. சில நாளில் அடங்கியது. ஸ்டீராய்டு என் குரலில் கைவைத்தது. வகுப்பறையில் தமிழ் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்த எனக்கு, கரகரத்த குரல் மூச்சிரைப்பைவிடப் பெரிய துக்கம். நாக்கில் வெண்படலமும் பிடித்தது. டாக்டரம்மா பூஞ்சைக்கு மருந்து எழுதி, ஸ்பேசர் என்ற குடுவையை இன்ஹேலரோடு பொருத்தித் தந்தார். ஒவ்வொரு முறையும் இழுத்து முடித்ததும் தண்ணீரால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. இத்தனை எளிய காரியம் என் குரலைக் காப்பாற்றியது. ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலரால் நிமோனியா வரும் வாய்ப்பும் கொஞ்சம் கூடும் என்பதால் காய்ச்சலும் நிறம் மாறிய சளியும் வந்தால் நான் காத்திருப்பதில்லை.

புதுச்சேரிக்கென்று ஒரு சங்கதி உண்டு. கடற்காற்றின் ஈரம் பொடி மருந்துக்கு ஆகாது. கேப்சூலை இழுக்கும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். அதைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கருவியில் போட்டுத் துளைத்து, வாயால் இழுத்து, பத்து நொடி மூச்சை அடக்க வேண்டிய பொடி அது. பொடியை வேகமாக இழுக்க வேண்டும், அழுத்தினால் பீய்ச்சும் வகையை மெதுவாக இழுக்க வேண்டும். இதை ஒருவர் செய்து காட்டாவிட்டால் எந்தச் சீட்டும் பயன்படாது.

மருந்து போன மூச்சைத் திருப்பித் தரவில்லை. இருக்கிற மூச்சில் நடக்க விடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, பேசிக்கொண்டே நடக்கிறேன். முன்பு பேச்சை நிறுத்தினால்தான் நடக்க முடியும்.

இன்ஹேலர் இழுக்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். கருவியையும் எடுத்துப்போய் அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். வாய் காய்கிறதா, கை நடுங்குகிறதா, குரல் போகிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், கருவியை மாற்றலாம். யாரிடமும் சொல்லாமல் நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.