மூன்று சிலிண்டர் பிஎம்டபிள்யூவும் கல்லடிப் பாலமும்

கோடிக்கணக்கில் காசு குடுத்து வாங்கின சொகுசுக் காருக்கு மேல இன்னும் லட்சம் லட்சமாய்ப் போட்டு, சைலன்சர் மாத்தி, ஸ்பிரிங் மாத்தி, என்ஜின் கம்ப்யூட்டரை மாத்தி ஓடுறதில் ஏதாவது பிரயோசனம் இருக்கா? "உங்கட குழுவில ஒருத்தரிட்டயும் கார் இல்ல, உங்களுக்கு ஏன் இந்தக் கதை" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். எங்களிடம் இருப்பது இரண்டு டியோ, ஒரு பல்சர், மிச்சமெல்லாம் சைக்கிளும் பஸ்ஸும். ஆனால் குழுவில் ஒருத்தரின் அண்ணன் பத்து வருசம் கட்டாரில் நின்று உழைத்த காசோடு லீசிங்கும் சேர்த்து, பாவித்த பிஎம்டபிள்யூ 318ஐ ஒன்று எடுத்திருக்கிறார். கையில் இன்னும் பன்னிரண்டு லட்சம் இருக்கு. அதையும் காருக்குள்ளேயே போடப் போகிறாராம். "நீங்கதானே எல்லாத்தையும் வாசிச்சு எழுதுற ஆக்கள், எதைப் போடலாம் எண்டு பார்த்துச் சொல்லுங்க தம்பிமார்" என்று ஒரு பட்டியலை அனுப்பினார். இரண்டு மாதமாய் எங்கட பின்னேரங்கள் அந்தப் பட்டியலோடுதான் போனது.

பட்டியலில் இருந்தவை: குளிர்ந்த காற்றை இழுக்கிற இன்டேக், முழு சைலன்சர் லைன், ஈசியூ ரீமேப், காரைத் தாழ்த்துகிற ஸ்பிரிங், 19 அங்குல ரிம்.

முதலில் இந்தக் காரை விளங்கிக்கொள்ள வேணும். எங்கட நாட்டில் வாகன வரி பெரும்பாலும் என்ஜினின் கன அளவைப் பார்த்துத்தான் ஏறுகிறது. அதனால் இங்கே ஓடுகிற ஜெர்மன் கார்களில் நிறைய, பெயரில் பெரிசு, என்ஜினில் சின்னன். 318ஐ-யின் உள்ளே இருப்பது 1,499 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, 136 குதிரைவலு. மினி கூப்பரில் இருப்பதும் இதே குடும்பத்து என்ஜின்தான். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரி முதலாம் திகதி திரும்பத் திறக்கும் வரைக்கும் புதுக் கார் பெரும்பாலும் வரவில்லை. இருந்த பழைய கார்களின் விலைதான் ஏறிக்கொண்டு போனது. ஆக ஒருத்தர் பெரிய காசு கட்டி, பெரிய பெயரை வாங்கி, ஆக்சிலரேட்டரை மிதிக்கிற நேரத்தில் "என்ன, இவ்வளவுதானா?" என்று நினைக்கிறார். ரீமேப் விற்கிறவரின் கடை அந்த இடத்தில்தான் திறந்திருக்கு.

அவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. டர்போ இல்லாத காருக்கு இன்டேக்கும் சைலன்சரும் மாத்தினால் கூடுவது பெரும்பாலும் சத்தம் மட்டும்தான். டர்போ என்ஜின் அப்படியில்லை. கம்ப்யூட்டரில் டர்போவின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, தீப்பொறி நேரத்தை மாத்தினால் மிதிக்கும்போதே வித்தியாசம் தெரியும். அண்ணனிடம் பேசின ஆள் இன்னொரு துருப்பையும் போட்டிருக்கிறார்: "பிஎம்டபிள்யூ ஐ8 ஸ்போர்ட்ஸ் காரிலயும் இதே 1.5 லீட்டர் மூணு சிலிண்டர்தான், அதில கம்பெனியே 231 குதிரை எடுத்திருக்கான்." அது உண்மை. அவர் சொல்லாமல் விட்டது, அந்த 231-ஐ எடுக்க ஐ8-இன் என்ஜினுக்குப் பெரிய டர்போ போட்டு உள் பாகங்களையும் பலப்படுத்தினார்கள் என்பதை. லேப்டாப்பைச் செருகி அரை மணித்தியாலத்தில் செய்த வேலை இல்லை அது.

எரிபொருளும் ஒரு பிரச்சினை. ஐரோப்பாவில் எழுதுகிற ரீமேப் கோப்புகள் பல 98 ஒக்டேனை நம்பி எழுதப்படுபவை. எங்கட செட்டுகளில் வழமையாய் நிற்பது 92-உம் 95-உம். ஒக்டேன் குறைந்தால் பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கப் பார்க்கும். என்ஜினில் இருக்கிற நொக் சென்சர் அதைக் கண்டுபிடித்து, தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளி, காசு கட்டி வாங்கின வலுவைத் தானே குறைத்துவிடும். போதாததற்கு மே, ஜூன் வெயில். சூடான காற்று ஐதான காற்று. மட்டக்களப்பில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓடுகிற கார், விளம்பரத்தில் காட்டின எண்ணைத் தொடாது.

பட்டியலில் எங்களுக்கு ஆகப் பயமாய் இருந்தது இன்டேக். ரீமேப்பைவிட அது மலிவு, ஆபத்தில்லாத சாமான் மாதிரித்தான் தெரியும். யோசித்துப் பாருங்கள். கார்க் கம்பெனி காற்று இழுக்கிற வாயை என்ஜினுக்கு மேலே, முன்பக்கம் உயரத்தில் வைக்கிறது. கடையில் விற்கிற குளிர்க்காற்று இன்டேக்குகளில் பல அதைக் கீழே, பம்பருக்குப் பின்னால் கொண்டுபோகின்றன. அங்கேதான் காற்று குளிராய் இருக்கும் என்பதற்காக. இப்போது அதே காரை ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்தியும் விடுங்கள். பிறகு கார்த்திகை, மார்கழி மழையை நினையுங்கள். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகிற ரோட்டு வருசா வருசம் தண்ணிக்குள் போகிறது. வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனால் வயலா வாவியா ரோட்டா என்று தெரியாத நாட்கள் உண்டு. காற்றை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் ஒரு குவளை தண்ணி போனாலே பிஸ்டன் மேலே வந்து தண்ணியில் மோதி, கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். அதோடு என்ஜின் சரி. அண்ணனின் வீடு தாழ்ந்த பக்கம். அந்தப் பக்கத்தில் நாங்கள் எல்லாரும் முழங்கால் தண்ணியில் நடந்திருக்கிறோம். ஐந்து குதிரைக்காக, அதுவும் கிடைத்தால், அந்த வாயைக் கீழே இறக்கத் தேவையில்லை என்று உடனேயே சொல்லிவிட்டோம்.

சரி, வலு கிடைத்தது என்றே வைப்போம். அதை எங்கே கொண்டுபோய் ஓடுவது? ஊர் மனைக்குள் கார்களுக்கு 50, வெளியே 70. ஏ4 ரோட்டில் கல்லடி தாண்டினால் காத்தான்குடியின் பேரீச்சை மரங்கள், பிறகு ஆரையம்பதி, இப்படியே கல்முனை வரைக்கும் ஊர் முடிவதே இல்லை. கல்லடியில் 1924-இல் திறந்த லேடி மன்னிங் இரும்புப் பாலத்தில் ஒரு பக்க வாகனம் போனால் மற்றப் பக்கம் காத்து நிற்கும். 2013-இல் புதுப் பாலம் திறந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு போனது. போன கையோடு அந்த நேர்ப் பாதை இரவு பத்து மணிக்குப் பிறகு எங்கட வயதுக்காரருக்கு ஓட்டப் பந்தயத் திடலாய் மாறினது. வடக்கே திருகோணமலை ரோட்டிலோ விளக்கில்லாத இருட்டில் மாடுகள் படுத்திருக்கும்.

கணக்கு ஒன்று சொல்கிறோம், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். ஓடுகிற காரிடம் இருக்கிற சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50-இல் போகிற கார் 70-க்கு வந்தால் பிரேக் தின்ன வேண்டிய சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 70-இலிருந்து 100-க்குப் போனால் இன்னொரு இரண்டு மடங்கு. அண்ணனின் பட்டியலில் ஐந்து சாமான் இருந்தது, ஒன்றாவது காரை நிறுத்துகிற சாமான் இல்லை. குழுவில் இருக்கிற ஒருத்தி, தினமும் பின்னேரம் ரியூசன் முடித்து அந்த ரோட்டோரம் நடந்து வாறவள், இதைத்தான் முதலில் கேட்டாள்: "அவர் வேகமாப் போறதுக்குப் பன்னிரண்டு லட்சம் செலவழிக்கிறார், எனக்காக எவ்வளவு செலவழிக்கப் போறார்?" சந்திகளில் கட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி பேனர்களில் எத்தனை பேர் எங்கட வயது என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு அது பகிடியாய்க் கேட்காது.

இந்த இடத்தில் ஒரு விசயம் சொல்ல வேணும், இல்லாவிட்டால் மாத்துகிற வேலையே கெட்ட வேலை என்று நாங்கள் சொல்கிற மாதிரி ஆகிவிடும். இன்று மெர்சிடிஸின் பின்பக்கம் ஒட்டியிருக்கிற ஏஎம்ஜி என்ற எழுத்து, 1967-இல் ஹான்ஸ் வேர்னர் அவுஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்கர் என்ற இரண்டு பொறியியலாளர்கள் தொடங்கின கராஜின் பெயர். அவர்கள் மாத்தின பெரிய மெர்சிடிஸ் ஒன்று 1971-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணித்தியாலப் பந்தயத்தில் இரண்டாவதாய் வந்தது. கடைசியில் மெர்சிடிஸ் கம்பெனியே அந்தக் கராஜை வாங்கிவிட்டது. பிஎம்டபிள்யூவுக்கு அல்பினாவும் இதே கதைதான், பெயரின் உரிமையை 2022-இல் பிஎம்டபிள்யூ எடுத்துக்கொண்டது. ஆனால் இவர்கள் என்ஜினை மட்டும் தொட்டுவிட்டு விடவில்லை. வலு கூடினால் பிரேக், சஸ்பென்சன், டயர் எல்லாத்தையும் சேர்த்து மாத்தி, ஓடிப் பார்த்து, உடைந்ததைத் திரும்பச் செய்தார்கள். நாங்கள் வாங்குவது அந்த வேலையின் ஒரு துண்டை மட்டும்.

அப்படியானால் என்ன போடலாம்? எங்கட ஊர்க் கராஜ் ஒன்றில் பெரிய மெக்கானிக் மாமா ஒருத்தர் இருக்கிறார், ஜெர்மன் காருகளோடு தலை நரைத்தவர். காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "மனே, இந்தக் கார் ஜெர்மனியில இருந்து வெளிக்கிட்டபோது எப்பிடி ஓடிச்சோ, அப்பிடி இப்ப ஓடல்ல. முதல்ல அதை அந்த நிலைக்குக் கொண்டுவாங்க. புதுசா ஒண்டும் வேணாம்." முன் சில்லுப் பக்கத்து புஷ்கள் வெடித்திருந்தன. ஷொக் இரண்டும் எண்ணெய் கசிந்தன. பிரேக் ஒயிலை எப்போது மாத்தினது என்று ஒருத்தருக்கும் தெரியாது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், ஈரம் ஏறினால் சூட்டில் கொதித்துப் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துவது வழமை. ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் இருக்கிற எங்கட ஊரில் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை.

ஆக முதல் காசு அங்கே போனது. அடுத்தது டயர். இந்தக் கார்களில் கம்பெனி போடுகிற ரன்பிளாட் டயர் காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும், ஆனால் ஓரம் தடித்தது. எங்கட குழிகளில் முதுகு நோகும். நல்ல சாதாரண டயர் போட்டால் கார் மென்மையாய்ப் போகும், மழையில் பிடிப்பும் டயரின் தரத்தைப் பொறுத்துக் கூடும். ஒன்று ஞாபகம் வைக்க வேணும்: ரன்பிளாட்டை நம்பித்தான் டிக்கியில் ஸ்பேர் டயர் வைக்காமல் விட்டிருக்கிறான். மாத்துகிற ஆள் ஒரு ஸ்பேரையோ, குறைந்தது ஒரு பம்பையும் ஒட்டுற சாமானையுமோ சேர்த்து வாங்க வேணும். மூன்றாவது, பெயர் உள்ள கம்பெனியின் நல்ல பிரேக் பாட். போலிப் பெட்டியில் வருகிற பாட்டுக்கு விலை பாதிதான், அந்தப் பாதியை மிச்சம் பிடிக்க வேணாம். 19 அங்குல ரிம்மையும் ஸ்பிரிங்கையும் அண்ணனே வெட்டிவிட்டார். தாழ்த்தாமலே கார் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஒழுங்கைகளில் கோடு போடாத பம்ப் எத்தனை என்று அவருக்குத் தெரியும்.

மிஞ்சினது சைலன்சர். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்காவோடு பொலிஸ் பஸ், ஆட்டோக்களின் மேலதிக சோடனைகளைக் கழற்றத் தொடங்கினதிலிருந்து சத்தமான சைலன்சர்காரரும் பயந்துதான் ஓடுகிறார்கள். பயத்தை விடுங்கள். எங்கட வாவியில் பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்கிற ஓசைக்காக ஊருக்கே மீன் பாடும் தேன் நாடு என்று பெயர். அதைக் கேட்கிற இடம் கல்லடிப் பாலத்தடி. அமெரிக்க யேசு சபைத் துறவிகள் 1950களில் கருவி கொண்டுவந்து பதிவு செய்த ஓசை. அதே பாலத்துக்கு மேலேதான் பட்பட்டென்று வெடிக்கிற சைலன்சரும் போகிறது. மீன் பாடுதா இல்லையா என்ற சண்டைக்கு நாங்கள் வரவில்லை.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒண்டும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, பத்து வருசம் நான் அங்க ஒரு ரூமுக்குள்ள எட்டுப் பேரோட இருந்தன். ஊருக்கு வந்திட்டன் எண்டு ஆக்களுக்குக் கேக்கணும்." அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. குதிரைவலு, ஒக்டேன் எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு, இதற்கு இல்லை.

புஷ், ஷொக், பிரேக், டயர் எல்லாம் முடிந்து கார் இப்போது கோடு விட்டு விலகாமல், பெடலில் கால் வைத்த இடத்தில் நிற்கிறது. ரீமேப் வேணாம் என்று அவரே சொல்லிவிட்டார். சைலன்சர் விசயத்தில் எங்கட குழு இன்னும் இரண்டாய்ப் பிரிந்துதான் இருக்கு. நாலு பேர் வேணாம் என்கிறார்கள். இரண்டு பேர், பல்சர்காரரும் சேர்த்து, சத்தம் அதிகமில்லாத ஒன்றாய்ப் பார்த்துப் போடட்டுமே என்கிறார்கள். மிச்சக் காசு இன்னும் அவரின் வங்கிக் கணக்கில்தான் இருக்கு.