அந்தச் சிவப்பு பிள்ளையின் பிழை அல்ல



இது ஒரு மன்னிப்புப் பதிவு. கொஞ்சம் நீளம். வீட்டில் புது லெப்டொப் வைத்திருப்பவர்களும் வாங்க இருப்பவர்களும் கடைசிவரை வாசித்தால் பிரயோசனமாக இருக்கும்.

எங்கள் பாடசாலையில் ஒரு சித்திரப் போட்டி வைத்தோம். மழைக்காலம் என்பதால் படத்தைப் போனில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். ஒரேயொரு நிபந்தனை: பில்டர் போடக் கூடாது, நிறத்தைக் கூட்டக் கூடாது. நடுவர்கள் நாங்கள் மூன்று ஆசிரியர்கள்.

எங்களில் ஒருவர் அப்போதுதான் ஓலெட் திரையுள்ள புது லெப்டொப் ஒன்று வாங்கியிருந்தார். ஆசிரியர் ஓய்வறையில் அதைத் திறந்ததும் எல்லோரும் கூடிவிட்டோம். என்ன வடிவான கலர்! மூலையில் இருந்த பழைய கொம்பியூட்டரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விளையாட்டுப் போட்டிப் படங்களைப் போட்டபோது அதிபர் சேரின் முகம் தக்காளி மாதிரி இருந்தது. வெயிலில் நின்றதால் என்று சொல்லிச் சிரித்தோம். அங்கேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

சித்திரங்களையும் அதே திரையில் பார்த்துப் புள்ளி போட்டோம். தரம் 9 மாணவி ஒருவரின் படம் வந்தது. அறுவடை முடிந்த வயல், பின்னால் மாலை வானம், வரம்பில் சிவப்பு முக்காடு போட்ட ஒரு மூதாட்டி. அந்தச் சிவப்பு நெருப்பு மாதிரி எரிந்தது. பெஸ்டலில் இப்படி ஒரு நிறம் வராது என்று மூவரும் ஒரே குரலில் முடிவெடுத்தோம். பெற்றோர் குழுவில் முடிவு போட்டபோது, அந்தப் படத்தின் தலைப்பை எழுதி, "நிறம் மாற்றப்பட்டதால் சேர்க்கப்படவில்லை" என்றும் போட்டோம். பெயர் போடவில்லைதான். ஆனால் யாருடைய படம் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த நாள் காலையில் பிள்ளையுடன் அவரது வாப்பா வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய படம். சத்தம் போடவில்லை. "ராவு புள்ள சாப்பிடல்ல சேர். இந்தப் படத்தப் பாருங்க. அதுக்குப் பொறகு நீங்க என்ன சொன்னாலும் ஏத்துக்கிறம்" என்றார்.

தாளை விரித்து லெப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். தாளில் இருந்தது சாதாரணப் பெஸ்டல் சிவப்பு. திரையில் இருந்தது வேறு. பிறகு அதே படத்தைப் பழைய கொம்பியூட்டரில் திறந்தோம். தாளில் இருந்ததற்குக் கிட்ட வந்தது. எங்கள் மூவருக்கும் பேச்சு வரவில்லை.

ஏன் இப்படி? பிறகு தேடி வாசித்து விளங்கிக்கொண்டதைச் சொல்கிறோம்.

கணினியில் நிறம் என்பது எண். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை. இந்த எண் எவ்வளவு நிறத்தைக் குறிக்கிறது என்பதற்கு ஒரு பொது அளவு வேண்டும். 1996இல் ஹியூலெட் பேக்கார்ட், மைக்ரோசொஃப்ட் நிறுவனங்கள் 'எஸ்ஆர்ஜிபி' என்ற அளவை முன்வைத்தன. 1999இல் அது சர்வதேச நியமமானது. இணையத்தில் நாம் பார்க்கும் பெரும்பாலான படங்கள் இந்த அளவுக்கே செய்யப்பட்டவை. இப்போது வரும் பல திரைகள், டிஜிட்டல் சினிமாவுக்காக வந்த 'பி3' என்ற அகன்ற அளவை எட்டுகின்றன. அது பழைய அளவைவிடச் சுமார் கால் பங்கு பெரியது.

பிளேன்டீ ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். உம்மா எழுதி வைத்த அளவு "இரண்டு கரண்டி சீனி". வீட்டுக்குப் புதிதாக வந்தவர் பெரிய கரண்டியால் இரண்டு போட்டால் என்னவாகும்? எண் சரி, தேநீர் தித்திப்பு. எங்கள் லெப்டொப்பும் இதைத்தான் செய்தது. "சிவப்பு 255" என்பதைத் தன்னிடமுள்ள முழுச் சிவப்பாக எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெள்ளை, சாம்பல், மங்கிய நிறங்கள் அவ்வளவாக மாறுவதில்லை. கடும் சிவப்பும் பச்சையும்தான் அதிகம் மாறும். அதனால்தான் பென்சில் படங்களும் மண்ணிறப் படங்களும் எங்களுக்குச் சாதாரணமாகத் தெரிந்தன. துணிந்து நிறம் தீட்டிய பிள்ளை மட்டும் மாட்டிக்கொண்டது.

இனி, செய்ய வேண்டியது.

முதலில், லெப்டொப்புடன் வரும் திரைச் செயலியைத் திறந்து பாருங்கள். பல லெப்டொப்களில் விவிட், நேட்டிவ், எஸ்ஆர்ஜிபி என்று தெரிவுகள் இருக்கும். எஸ்ஆர்ஜிபியைப் போடுங்கள். இது சின்னக் கரண்டிக்குத் திரும்புவது.

அது இல்லாவிட்டால், விண்டோஸ் 11இல் செட்டிங்ஸுக்குள் சிஸ்டம், அதற்குள் டிஸ்பிளே பகுதியில், செயலிகளின் நிறத்தைத் தானாகச் சரிப்படுத்தும் தெரிவு ஒன்று இருக்கிறது. எல்லா இயந்திரங்களிலும் வராது; வந்தால் போட்டுவிடுங்கள். பெரிய கரண்டி என்று தெரிந்து சீனியைக் குறைத்துப் போடும் வேலை அது.

ஒரே படம் பிரவுசரில் ஒரு மாதிரியும் படம் பார்க்கும் செயலியில் இன்னொரு மாதிரியும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று கரண்டியின் அளவைப் பார்க்கிறது, மற்றது பார்க்கவில்லை.

பல போன்களிலும் இதே கதைதான். விவிட் என்பதை விட்டு நேச்சுரலுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் திரை மங்கிப்போன மாதிரி இருக்கும். கண் பழகிவிடும்.

முக்கியமானது: உங்கள் திரையில் நிறம் கூடித் தெரிகிறது என்று படத்தின் நிறத்தைக் குறைத்துச் சேமிக்காதீர்கள். மற்றவர்களின் போனிலும் அச்சிலும் அது வெளிறிப்போகும். பேஸ்புக்கில் துணி விற்கும் சகோதரிகளும் இதைக் கவனியுங்கள். துணியைப் பக்கத்தில் வைத்துத் திரையைப் பாருங்கள். திரையைத் திருத்துங்கள், படத்தை விடுங்கள்.

எல்லாச் சித்திரங்களையும் தாளிலேயே கொண்டுவரச் சொல்லி மறுபடி புள்ளி போட்டோம். அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் இடம். பச்சைக் கிளி வரைந்த இன்னொரு மாணவனுக்கும் நாங்கள் குறைத்த புள்ளி திரும்பக் கிடைத்தது. எந்தக் குழுவில் பிழையாக எழுதினோமோ அதே குழுவில் திருத்தம் போட்டோம். வகுப்புக்குப் போய் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டோம்.

திரை கூட்டிக் காட்டியது உண்மை. ஆனால் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தது நாங்கள். அந்தப் பங்கை லெப்டொப்பின் தலையில் போட முடியாது. இனி எங்கள் பாடசாலையில் சித்திரத்துக்குப் புள்ளி தாளைப் பார்த்து மட்டும்தான்.

விளக்கமெல்லாம் சொல்லி முடித்தபோது பிள்ளை மெதுவாகக் கேட்டது: "அப்ப பில்டர் போட்டது உங்கட லெப்டொப்தானே டீச்சர்?"

ஓம் மகள். அதுதான் போட்டது.