ஏரிக்கரையில் ஒரு குதிரைச் சவாரி

திருப்பூரில் வாழ்வோர்க்கு மே திங்கள் இருமடங்கு வெப்பம் தருவது. வெளியே கத்திரி வெயில். பனியன் கம்பெனிக்குள்ளே இயந்திரங்களின் சூடு. பள்ளி விடுமுறை முடியுமுன் பிள்ளைகளை ஒருமுறையேனும் மலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் எழும். எங்கள் வீட்டிலும் எழுந்தது. கோடைக்கானல் என்று முடிவாயிற்று. “குதிரையில் ஏறலாம்” என்று மகள் குதித்தாள். அவளுக்கு அகவை பன்னிரண்டு. நான் மட்டும் வாய் திறக்கவில்லை.

காரணம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு திருமண ஊர்வலத்தில் விளையாட்டாக என்னைக் குதிரைமேல் தூக்கி வைத்தார்கள். பேண்டு வாத்தியம் திடீரென முழங்கிற்று. குதிரை மிரண்டது, நான் மண்ணில் விழுந்தேன். கையில் பட்ட அடி ஒரு திங்களில் ஆறியது. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு ஆறவில்லை. எங்கள் கொங்குச் சீமை காளைகளுக்குப் பெயர் பெற்றது. காங்கயம் காளையைத் தட்டிக்கொடுத்து வளர்ந்தவன் நான். ஆயினும், ஆடித் திங்களில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் புகழ்பெற்ற குதிரைச் சந்தைக்கு நண்பர்கள் அழைத்த போதெல்லாம் ஏதேனும் சாக்குச் சொல்லி நழுவியிருக்கிறேன்.

வைகறையில் புறப்பட்டோம். தாராபுரத்தருகே அமராவதியைக் கடந்தபோது பொழுது புலர்ந்தது. பழனியை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது கோடைக்கானல். வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1845-இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். மதுரை ஆட்சியராக இருந்த வேர் லெவிஞ்சு 1863-இல் உருவாக்கிய ஏரி விண்மீன் வடிவில் கிளை விரித்துக் கிடக்கிறது. அதைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். அங்கேதான் குதிரைகள் நிற்கின்றன.

ஏரிக்கரையை அடைந்ததும் மகளின் துள்ளல் அடங்கிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்தால்தானே குதிரையின் உயரம் தெரியும்! என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “அப்பா, நீங்க ஏறுனா நானும் ஏறுறேன்” என்றாள். எனக்கு நா வறண்டது.

நரைத்த தலையுடைய குதிரைக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். “பயமா இருந்தா சொல்லிருங்க சார். எங்கிட்ட மறைச்சாலும் குதிரைகிட்ட மறைக்க முடியாது” என்றார். சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் அச்சத்தில் பாதி அப்போதே இறங்கிவிட்டது.

அவர் என்னை உடனே ஏற்றிவிடவில்லை. முதலில் குதிரையின் தோளருகே நிற்கச் சொன்னார். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறத்தாழச் சுற்றிலும் பார்க்கும். மூக்கின் நேர் முன்னும், வாலின் நேர் பின்னும் மட்டுமே அதற்குப் புலப்படா. அங்கே திடீரென ஒருவர் தோன்றினால் அது வெருளும். ஆகவே பக்கவாட்டில், மெல்லப் பேசிக்கொண்டே அணுக வேண்டும். புறங்கையை நீட்டினேன்; குதிரை முகர்ந்தது. கழுத்தைத் தடவினேன். “காதைப் பாருங்க. முன்னால திரும்பியிருந்தா எதையோ கவனிக்குது. பின்னால ஒட்டப் படிஞ்சிருந்தா கோவம், கிட்டப் போகாதீங்க” என்றார். எதையும் அறியாமல் அஞ்சிய எனக்குப் பார்க்க ஒரு குறி கிடைத்தது.

பிறகு இடப்பக்கமாக ஏறினேன். குதிரை நடக்கவில்லை, நின்றது. அங்கவடியில் முன்பாதத்தை மட்டும் வைத்துக் குதிகாலைத் தாழ்த்தச் சொன்னார். அடுத்து அவர் கற்பித்தது நடத்துவதையன்று, நிறுத்துவதை. பத்து அடி நடப்போம். பின்னே சாய்ந்து நிமிர்ந்து வாரை மெல்ல இழுத்து நிறுத்துவேன். மீண்டும் பத்து அடி. ஐந்தாம் முறை நிறுத்தியபோது, என் சொல்லைக் கேட்கும் உயிர் இது என்ற நம்பிக்கை பிறந்தது. கடிவாளத்தை அவரும் பிடித்தபடி உடன் நடந்தார்.

“கீழே குனியாதீங்க. போற எடத்தைப் பாருங்க” என்றார். குனிந்தால் உடலின் பாரம் முன்னே சரிகிறது. நிமிர்ந்து பார்த்தால் இடுப்பு தானே நிலைபெறுகிறது. மேட்டில் ஏறும்போது சற்றே முன்சாய்ந்தும், சரிவில் இறங்கும்போது நிமிர்ந்து சற்றே பின்வாங்கியும் அமர்ந்தால் குதிரைக்கும் எளிது.

பாதி வழியில் ஒரு வேன் பின்னால் ஒலியெழுப்பியது. குதிரையின் காதுகள் சுழன்றன. என் தொடைகள் இறுகின, மூச்சு நின்றது. அந்தப் பழைய பேண்டு வாத்தியமே காதில் கேட்டது. குதிரை கால் மாற்றி நின்றது. “மூச்சை விடுங்க சார், மெதுவா” என்றார் அவர். நீளமாக விட்டேன். கைகள் தளர்ந்தன. குதிரையும் தலையைத் தாழ்த்தி நடக்கத் தொடங்கியது.

இது வெறும் அனுபவச் சொல்லன்று. 2009-இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலரைக் குதிரையுடன் ஒரே பாதையில் நான்கு முறை செல்ல வைத்தார்கள். நான்காம் முறை, வழியில் ஒரு குடை திடீரென விரிக்கப்படும் என்று மனிதரிடம் மட்டும் கூறினார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதரின் இதயத் துடிப்பு உயர்ந்தது. ஒன்றும் அறியாத குதிரையின் துடிப்பும் உடன் உயர்ந்தது!

நான் இறங்கியதும் மகள் முன்வந்தாள். நின்று, தடவி, பத்து அடி நடந்து நிறுத்தி, அவளும் ஒரு சுற்று வந்தாள். இறங்கியதும் சொன்னாள்: “உங்க கை நடுங்குனதைப் பாத்தேன் அப்பா. அப்படியும் ஏறுனீங்க. அதான் நானும் ஏறினேன்.” என் அச்சத்தை மறைத்திருந்தால் அதுவே அவளுக்குச் சொத்தாகச் சேர்ந்திருக்கும்.

குடும்பத்துடன் செல்லும் வாசகர்களுக்குச் சில சொற்கள். செருப்பு வேண்டாம், சிறு குதிகாலுள்ள மூடுகாலணி நன்று. தலைக்கவசம் கேட்டு அணியுங்கள். புண்பட்ட முதுகோ, நொண்டும் காலோ உடைய குதிரையைத் தவிருங்கள். ஓட்டம் வேண்டாம், நடை போதும் என்று முன்கூட்டியே கூறுங்கள். அஞ்சும் பிள்ளையை ஒருபோதும் வற்புறுத்தி ஏற்றாதீர்கள். “இறங்குகிறேன்” என்றால் உடனே இறக்கிவிடுங்கள். இறங்க முடியும் என்று அறிந்த பிள்ளையே மறுமுறை ஏறும்.

ஊர் திரும்பிய மறுவாரம், நான் மேற்பார்வை செய்யும் பிரிவில் புதிதாக ஒரு பெண் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்தாள். கால் வைத்ததும் இயந்திரம் சீறிப் பாய்ந்தது. கையை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பெல்லாம் நானும் சிரித்திருக்கிறேன், அதட்டியும் இருக்கிறேன். அன்று நூலைக் கழற்றச் சொன்னேன். ஒரு கழிவுத் துணியைக் கையில் கொடுத்தேன். “முதல்ல நிறுத்திப் பழகும்மா. ஓட்டுறது தானா வரும்” என்றேன்.

அவள் நீளமாக மூச்சு விட்டாள். பிறகு மெல்லக் காலை வைத்தாள்.